பறித்ததைத் திருப்பிக் கொடு!

1545ஆம் ஆண்டு. ஈஸ்டர் திருநாள் நெருங்குகிறது. இன்றைய மெக்சிகோவின் தென்கோடி மலைப்பகுதியிலே, சியாபா சீமையிலே, சியுதாத் ரியால் என்றொரு சிற்றூர். ஊரிலுள்ள ஸ்பானியச் சீமான்கள் பாவசங்கீர்த்தனம் செய்யத் திரளுகிறார்கள். கத்தோலிக்கருக்கு அது கட்டாயக் கடமை. ஆண்டுக்கொரு முறையேனும் குருவின் காதிலே பாவத்தைச் சொல்லி, மன்னிப்புப் பெற்று, ஈஸ்டரிலே நற்கருணை வாங்கியாக வேண்டும். வாங்காதவன் இங்கே ஊர்ப்பழிக்கு ஆளாவான், இறந்தால் எரிநரகுக்கு இரையாவான் என்று நடுநடுங்கிய காலம் அது.

அந்தச் சீமான்களுக்கு மன்னிப்பு இல்லை என்று கூறிவிட்டார், புதிதாக வந்து சேர்ந்த பிஷப். கொலைகாரருக்கும் கொள்ளைக்காரருக்கும் மன்னிப்பு மறுத்தால் வியப்பில்லை. ஆனால் இவர்கள் தங்களைக் கொள்ளைக்காரர் என்று எண்ணியவர்களா? வெற்றி வீரர்கள்! வேந்தனின் கொடியைக் கடல் கடந்து நாட்டியவர்கள்! அவர்களைப் பார்த்து, அடிமையாக வைத்திருக்கும் மக்களை அவிழ்த்து விடு, பறித்த பொருளைப் பறிகொடுத்தவனிடம் திருப்பிக் கொடு, அதற்குப் பிறகு வா மன்னிப்புக்கு என்றார், அறுபதைத் தாண்டிய அந்தக் கிழவர். ஊர் கொதித்தது. ஆயுதம் ஏந்திய கூட்டம் அவர் தங்கியிருந்த இல்லத்துக்குள்ளே புகுந்தது. கொன்றுவிடுவோம் என்று கூவினர். கிழவர் அசையவில்லை.

பார்த்தொலோமே தே லாஸ் காசாஸ் என்பது அவர் பெயர்.

நாம் பள்ளியிலே படித்த போது, 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை, நாமும் எழுதவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு, விடையையும் ஏடு ஏடாக எழுதி வைத்தவர் லாஸ் காசாஸ். அவர் பிறவியிலேயே புனிதர் அல்லர். பறித்தவர் கூட்டத்திலே அவரும் ஒருவராக இருந்தவர். அதனாலேயே அவர் வரலாறு நமக்குச் சுவைக்கிறது.

ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரிலே 1484இல் பிறந்தார். தந்தை வணிகர். 1493இல் கொலம்பஸ் தன் முதற்பயணம் முடித்து, கிளிகளையும் பொன்னையும் பிடித்து வந்த சில மனிதர்களையும் செவில் வீதியிலே காட்டிச் சென்ற போது, வேடிக்கை பார்த்த சிறுவர்களிலே இவரும் ஒருவர். அதே ஆண்டு, தந்தை கொலம்பசின் இரண்டாம் பயணத்திலே கப்பலேறினார். திரும்பி வந்த போது மகனுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். என்ன பரிசு? பட்டாடையா, பந்தா? ஒரு மனிதன்! தீவிலே பிடித்த ஓர் இளைஞன், ஏவல் செய்ய. 1500இல், தன் குடிகளை அடிமையாக்கக் கொலம்பசுக்கு யார் உரிமை தந்தது என்று அரசி இசபெல்லா சீறியதாலே, அந்த இளைஞனும் மற்றவர்களும் திருப்பி அனுப்பப்பட்டனர். பறித்ததைத் திருப்பித் தரும் வேலை அந்த வீட்டிலே அன்றே ஒரு முறை நடந்திருக்கிறது!

1502இல் லாஸ் காசாசே கடல் கடந்தார். ஹிஸ்பானியோலா தீவிலே நிலம் கிடைத்தது. நிலத்தோடு ஆட்களும் கிடைத்தனர். என்கோமியெண்டா என்று அதற்குப் பெயர். ஒப்படைப்பு என்று பொருள் கொள்ளலாம். இத்தனை பேர் இந்த ஸ்பானியரிடம் ஒப்படைக்கப்படுகிறார்கள், இவர் அவர்களைக் காப்பார், கிறிஸ்தவம் கற்பிப்பார், அவர்கள் அவருக்கு உழைப்பார்கள் என்பது ஏட்டிலே எழுதிய ஏற்பாடு. நாட்டிலே நடந்ததோ, ஆற்று மணலை அரித்துப் பொன் எடுக்கச் சொல்லி அரைவயிற்றுக்கும் சோறின்றிச் சாகடித்தது. பெயரோ பாதுகாப்பு, செயலோ படுகொலை! லாஸ் காசாஸ் குருப்பட்டமும் பெற்றார், 1510இல் அத்தீவிலேயே தமது முதற்பூசையை நடத்தினார். ஆட்களை மட்டும் விடவில்லை. பூசையும் நடந்தது, பொன்னும் சேர்ந்தது.

1511 டிசம்பர் 21, ஞாயிறு. சாந்தோ தொமிங்கோ கோயிலிலே, ஆளுநராயிருந்த கொலம்பசின் மகன் தியேகோவும் பெருங்குடி மக்களும் அமர்ந்திருக்க, அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்ற தொமினிக்கன் சபைத் துறவி பிரசங்க மேடை ஏறினார். எந்த உரிமையிலே இந்த மக்கள் மீது போர் தொடுத்தீர்கள், இவர்கள் மனிதர்கள் இல்லையா, நீங்கள் அனைவரும் சாவான பாவத்திலே கிடக்கிறீர்கள் என்று பொரிந்து தள்ளினார். பிரமுகர்கள் மடத்துக்குப் படையெடுத்தனர், அடுத்த ஞாயிறு மறுத்துப் பேச வேண்டும் என்று மிரட்டினர். அடுத்த ஞாயிறும் வந்தது, கோயிலும் நிறைந்தது. முன்னிலும் கடுமையாகப் பேசி, உங்களுக்கு இனிப் பாவமன்னிப்பும் கிடையாது என்று சொல்லி இறங்கினார் துறவி!

லாஸ் காசாஸ் ஒரு தொமினிக்கனிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன போது, ஆட்களை வைத்திருக்கும் உமக்கு மன்னிப்பு இல்லை என்று அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. சியுதாத் ரியால் சீமான்கள் மீது 1545இல் அவர் வீசிய அம்பு, முதலில் அவர் நெஞ்சிலேயே தைத்த அம்புதான். அன்று தைத்தது, உடனே வலிக்கவில்லை.

கியூபாவை வளைக்கப் புறப்பட்ட படையோடு குருவாகச் சென்றார். அங்கே காவோனாவோ என்ற ஊரிலே, உணவு கொண்டுவந்து வைத்து, குதிரைகளை வியந்து பார்த்து உட்கார்ந்திருந்த மக்கள் மீது, ஒருவன் வாளை உருவ, மற்றவரும் உருவ, ஆண் பெண் குழந்தை பாராது வெட்டிச் சாய்த்ததைக் கண்ணெதிரே கண்டார். கியூபாவிலே எதிர்த்து நின்ற ஹத்துவே என்ற தலைவனை 1512இல் கம்பத்திலே கட்டி எரித்த கதையையும் பிற்பாடு எழுதினார். நெருப்பு மூட்டுமுன் ஒரு துறவி, கிறிஸ்தவனானால் சொர்க்கம் போகலாம் என்றாராம். அங்கே ஸ்பானியரும் இருப்பார்களா என்று கேட்டான் ஹத்துவே. நல்லவர்கள் இருப்பார்கள் என்றார் துறவி. அப்படியானால் எனக்கு நரகமே போதும் என்றானாம்! மதவாணரை எதிர்த்து எத்தனையோ கேலி எழுதப்பட்டதுண்டு. ஆனால் இதைவிடச் சுருக்கென்று தைப்பது நம் நினைவுக்கு வரவில்லை. எழுதி வைத்தவரோ ஒரு மதவாணர்!

இவ்வளவும் கண்ட பிறகும் கியூபாவிலே அவருக்குப் புதிதாக நிலமும் ஆட்களும் கிடைக்க, வாங்கிக்கொண்டார் என்பதை மறைக்க மாட்டோம். 1514இல் பெந்தெகொஸ்தே திருநாளுக்குப் பிரசங்கம் எழுத வேதநூலைப் புரட்டினார். அநியாயமாய்ச் சேர்த்த பொருளைப் படைத்தால் ஆண்டவன் ஏற்கமாட்டான், ஏழையின் சோற்றைப் பறிப்பது அவன் உயிரைப் பறிப்பதே என்னும் கருத்துள்ள பகுதி கண்ணிலே பட்டது. நாட்கணக்கிலே அதையே எண்ணினார். மூன்றாண்டுகளுக்கு முன் மொந்தேசினோஸ் எழுப்பிய குரல் இப்போது காதிலே விழுந்தது. ஆளுநர் வெலாஸ்கேசிடம் சென்றார், ஆட்களை விட்டுவிட்டேன் என்றார். ஆகஸ்ட் 15ஆம் நாள் பிரசங்கத்திலே அதை ஊரறியச் சொன்னார். வயது முப்பது. அன்று தொடங்கிய போர், எண்பத்திரண்டாம் வயதிலே உயிர் பிரியும் வரை ஓயவில்லை.

அவர் எதிர்த்து நின்ற போர்முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் அது சட்டப்படி நடந்த போர். 1513இல் அரண்மனைச் சட்ட அறிஞர் ஓர் அறிக்கை தயாரித்தார். உலகைப் படைத்தவர் ஆண்டவர், அவர் பேதுருவுக்கு அதிகாரம் தந்தார், பேதுருவின் வழிவந்த போப் இந்நிலங்களை ஸ்பெயின் மன்னருக்கு அளித்துவிட்டார், எனவே பணிந்து போங்கள், பணியாவிட்டால் போர், உங்கள் பெண்டு பிள்ளைகள் அடிமைகள், விளையும் சாவுக்கெல்லாம் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். படையெடுக்குமுன் இதைப் படிக்க வேண்டும், எழுத்தர் சான்றெழுத வேண்டும். எந்த மொழியிலே படித்தார்கள்? கேட்பவனுக்குப் புரியாத மொழியிலே! ஆளில்லாத ஊரின் முன்னும் மரங்களின் முன்னும் படித்ததுண்டு. இதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை என எழுதினார் லாஸ் காசாஸ்.

1515இல் மொந்தேசினோசுடன் ஸ்பெயின் சென்று மன்னர் பெர்டினாந்தைக் கண்டார். அடுத்த மாதமே மன்னர் மாண்டார். ஆட்சிப் பொறுப்பேற்ற கர்தினால் சிஸ்னேரோஸ் இவருக்கு அம்மக்களின் பாதுகாவலர் என்ற பதவி தந்தார். பட்டம் கிடைத்தது, பலன் கிடைக்கவில்லை.

இந்த இடத்திலே அவர் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் விட்டால் நாம் வரலாறு எழுதியவர்களாக மாட்டோம், வாழ்த்துப்பா பாடியவர்களாவோம். தீவு மக்களின் சுமையைக் குறைக்க, 1516இல் அவர் தந்த திட்டத்திலே, வேறு அடிமைகளை, கறுப்பரை உட்பட, கொண்டுவரலாம் என்றும் எழுதினார். ஒருவன் கண்ணீரைத் துடைக்க இன்னொருவன் கண்ணைக் குத்தும் யோசனை! ஆப்பிரிக்கரை அடிமையாக்கியது அவர் அல்லர், அவருக்கு முன்பே அந்த வாணிபம் இருந்தது. ஆனாலும் அவர் பேனாவும் அதற்கு உதவியது. பின்னாளிலே, ஆப்பிரிக்கரைப் பிடித்த விதமும் அதே அநியாயமே என்று உணர்ந்து, தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தித் தம் வரலாற்று நூலிலே எழுதினார். அறியாமையால் செய்தேன் என்பது ஆண்டவன் முன்னே போதிய விடையாகுமா என்று தமக்கே உறுதியில்லை என்றும் எழுதினார். எழுதியதாலே கறை கழுவப்பட்டதா? இல்லை. ஆனால், தாம் செய்ததைத் தாமே பதிவு செய்த தலைவர்கள் எத்தனை பேர்?

படையில்லாமல், உழவர்களைக் கொண்டு குமனாக் கரையிலே ஒரு குடியிருப்பு அமைக்க முயன்று, தோற்று, 1522இல் தொமினிக்கன் துறவியானார். போப் மூன்றாம் பவுல் 1537இல், அம்மக்கள் பகுத்தறிவுள்ள மனிதர்களே, அவர்கள் உரிமையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று ஆணை வெளியிட்டார். பகுத்தறிவு உண்டா இல்லையா என்பதற்கே போப்பின் ஆணை தேவைப்பட்டது! அதே ஆண்டு, குவாதமாலாவிலே, படைகள் பலமுறை தோற்றுத் திரும்பிய, போர் நாடு என்று பெயர் பெற்றுவிட்ட மலைநாட்டுக்குள், ஐந்தாண்டுக் காலம் எந்தப் படைவீரனும் நுழையக் கூடாது என்று ஆளுநரிடம் எழுத்திலே வாக்குறுதி வாங்கிக்கொண்டு, துறவிகள் வெறுங்கையோடு சென்றனர். போர் நாடு, வெரா பாஸ், அதாவது மெய்யான அமைதி, என்று பெயர் மாறிற்று.

1542 நவம்பர் 20இல், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் புதிய சட்டங்களிலே கையெழுத்திட்டார். இனி அம்மக்களை அடிமையாக்கக் கூடாது, ஒப்படைத்த ஆட்கள் தந்தைக்குப் பின் மகனுக்குச் சொத்தாக மாட்டார்கள் என்றது சட்டம். பெருவிலே சீமான்கள் கலகம் செய்தனர். சட்டத்தை நிறைவேற்றப் போன அரசப் பிரதிநிதியை 1546இல் போர்க்களத்திலே கொன்றனர். அதற்கு முன்பே, 1545இல், பரம்பரை உரிமை பற்றிய விதியைப் பேரரசர் திரும்பப் பெற்றுவிட்டார். ஊரையே அடக்கிய பேரரசு, உள்ளூர்ச் சீமான்களிடம் அடங்கிற்று!

சட்டம் கைவிட்டதைச் சமயத்தின் கருவி கொண்டு செய்யத்தான் சியாபாவிலே மன்னிப்பை மறுத்தார். குருக்களுக்கென விதிகளே எழுதினார். போரிலே கொள்ளை கொண்டவன் சாகக் கிடந்தாலும், முதலில் எழுத்தரை அழைத்துத் தன் சொத்து முழுவதையும் திருப்பிக் கொடுக்கப் பத்திரம் எழுதட்டும், பிறகு மன்னிப்பு என்பது விதி. கண்ணீர் விட்டால் போதாது, கணக்குத் தீர்க்க வேண்டும்! போர் கொடியது என்று பிரசங்கம் செய்தவர்கள் பலர். போரின் லாபத்திலே கை வைத்தவர் இவர். சீமான்கள் வாளோடு வந்த காரணமும் அதுதான். 1547இல் அவர் ஸ்பெயினுக்கே திரும்ப நேர்ந்தது.

1550இல் ஒரு வியப்பு நடந்தது. புதிய படையெடுப்புகளை நிறுத்தி வைத்து, இவை நியாயமா என ஆராய வயதோலித் நகரிலே அறிஞர் குழுவைக் கூட்டினார் பேரரசர். வென்று கொண்டிருக்கும் பேரரசு, வெல்வது நியாயமா என்று வழக்காடுகிறது! படையெடுப்புக்காக வாதாடியவர் சேபூல்வேதா. அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்தவர், அமெரிக்காவை ஒரு நாளும் காணாதவர். அம்மக்கள் இயல்பிலேயே அடிமைகள், சிலை வணங்குவோர், நரபலியிடுவோர், ஆகவே முதலில் போர், பிறகு போதனை என்றார், மூன்று மணி நேரத்திலே. லாஸ் காசாஸ் எழுந்து, கத்தை கத்தையாக எழுதி வந்ததை ஐந்து நாள் படித்தார். பிறவி அடிமை என்றொரு இனம் இல்லை. நம்பாதவனை வாளால் நம்ப வைக்க முடியாது. நரபலிக்கு இரையாகும் சிலரைக் காக்கப் போர் தொடுத்து, ஆயிரமாயிரம் அப்பாவிகளைக் கொல்வது காப்பதாகாது. அம்மக்கள் ஸ்பானியரை எதிர்த்துச் செய்யும் போரே நியாயமான போர். இவ்வளவும் அரசர் கூட்டிய அவையிலே! குழு தீர்ப்பளிக்கவே இல்லை. சேபூல்வேதாவின் நூலுக்கு மட்டும் அச்சிட அனுமதி கிடைக்கவில்லை. 1573இல், இரண்டாம் பிலிப் மன்னன் வெளியிட்ட விதிகளிலே வெற்றிகொள்ளல் என்ற சொல் நீக்கப்பட்டது. அமைதிப்படுத்தல் என்று எழுத வேண்டும் என்றானது. சொல்லை மாற்றக் கற்றுக்கொண்டார்கள்!

1552இல் செவிலிலே அவர் அச்சிட்ட சிறுநூல், தீவு தீவாக, நாடு நாடாக நடந்த அழிவைக் கூறுவது. அதிலே அவர் தரும் சாவுக் கணக்குகளை இன்றைய வரலாற்றாசிரியர் அப்படியே ஏற்பதில்லை. வாளைவிட அம்மை முதலிய நோய்கள் கொன்றதே அதிகம் என்பர். அந்நூலை மொழிபெயர்த்து ஸ்பெயினைத் தூற்றிய டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தாங்கள் பிடித்த நாடுகளிலே என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை.

எண்பதை நெருங்கிய வயதிலும் அவர் கேட்டது குறையவில்லை, கூடிற்று. பெருவை, அந்நாட்டு இன்கா அரச வாரிசிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மன்னருக்கு எழுதினார். பொன்னை மட்டுமல்ல, நாட்டையே! 1566இல், அம்மக்கள் சிலை வணங்குவோர் என்பதற்காக அவர்கள் மீது போர் நியாயம் என்று சொல்பவரைச் சபைக்குப் புறம்பாக்க வேண்டும் என்று போப் ஐந்தாம் பயசுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அவ்வாண்டு ஜூலையிலே மாட்ரித் நகர் அத்தோச்சா மடத்திலே காலமானார். நிலங்களை ஸ்பெயினுக்கு வழங்கிய 1493ஆம் ஆண்டுப் போப் ஆணையையும் அதுபோன்றவற்றையும் அடிப்படையாகக் கொண்ட கொள்கையை வத்திக்கான் கைவிட்டதாக அறிவித்தது 2023 மார்ச்சிலே.

தம் பெரிய வரலாற்று நூலின் கையெழுத்துப் படியை, இறந்து நாற்பது ஆண்டுகள் கழியும் வரை வெளியிட வேண்டாம் என்று சொல்லி, வயதோலித் மடத்துத் துறவிகளிடம் ஒப்படைத்திருந்தார். நாற்பது கழிந்தது, நூறு கழிந்தது, முந்நூறும் கழிந்தது. 1875இலேதான் அதை அச்சிட்டார்கள்.