வாவியின் ஒலியும் அடிகளாரின் வழியும்

முழுநிலா நாள்களில் மட்டக்களப்பு வாவியிலே, கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலிட்டு மறுமுனையைச் செவியிற் பொருத்தினால், இன்னொலி ஒன்று கேட்கும் என்பர். மீன் பாடுகின்றது என்பார் ஒருசாரார். சிப்பியின் ஒலி என்பார் மற்றொருசாரார். ஒலி ஒன்று, உரை பல. அதனை எண்ணுந்தோறும் விபுலாநந்த அடிகளாரின் வாழ்வு என் நினைவில் எழும்.

1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924 இல் இராமகிருஷ்ண மடத்திலே துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

மூன்றாண்டு கழித்து, 1927 இல் பிரசெல்ஸ் நகரிற் கூடிய பௌதிக அறிஞரிடையே பெரியதொரு வழக்கு மூண்டது. அளக்குமுன் இலத்திரன் இன்ன இடத்தில் இருந்தது எனப் பேசுதல் பொருந்தாது என்றார் போர். காண்பார் இல்லாவிடினும் பொருள் தன்னிலையில் உண்டு என்றார் ஐன்ஸ்டீன். கணக்கு இருவர்க்கும் ஒன்றே, உரைதான் வேறு. 1964 இல் பெல் வகுத்த தேற்றமும் பின்வந்த சோதனைகளும் ஐன்ஸ்டீன் விரும்பிய எளிய விளக்கத்துக்கு இடமின்றிச் செய்தன. எனினும், எஞ்சிய உரைகளுள் எது மெய் என்பது இன்னும் முடிந்தபாடில்லை.

இளமையில் யான் வகுப்பிலே, வேதாந்தம் அன்று கண்டதையே குவாண்டம் இயல் இன்று கண்டது என முழங்கினேன். மாணவர் ஒருவர் எழுந்து, வேதாந்தியர் அதனை எக்கருவியால் அளந்தனர் என்று அடக்கமாக வினவினார். விடையறியாது நின்றேன்.

அந்நாணமே என்னை மீண்டும் யாழ்நூலிடம் செலுத்தியது. மறைந்துபோன யாழின் நரம்புகளை அடிகளார் பழந்தமிழ் நூல்களினின்றும் ஆய்ந்து, சுரங்களின் அளவுகளைக் கணக்கிட்டு நிறுவினார். அங்கே துறவியின் அனுபவத்தைச் சான்றாகக் காட்டினாரல்லர். அவரே வாவியின் ஒலியை நீரரமகளிரின் இசையாகப் பாடியபோது, அதனைப் பௌதிகம் எனக் கூறினாரல்லர். அளக்க வேண்டியதை அளந்தார். பாட வேண்டியதைப் பாடினார். ஒன்றன் பெயரால் மற்றொன்றை விலைபேசினாரல்லர்.

1947 ஆனியில் யாழ்நூல் அரங்கேறிற்று. அடுத்த திங்களில் அடிகளார் மறைந்தார். கல்லடி உப்போடையிலே, தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் துயில்கின்றார்.

அறிஞர் வழக்கை அவர் தீர்த்தார் என யான் கூறேன். தீராத வழக்கின்முன் கற்றோன் நிற்கவேண்டிய முறையை அவர் வாழ்வு கற்பித்தது. அன்று வினவிய மாணவர்க்கு யான் காலந்தாழ்த்து அளிக்கும் விடை இதுவே.