மணலுக்கு வேலை கொடுத்த மனிதர்



பௌண்டரி ஷாப்பில் மோல்டை உடைத்து வார்ப்பை வெளியே எடுத்ததும் நமக்கு என்ன வேலை வரும்? ஒட்டிக்கொண்டிருக்கிற மணலைச் சுரண்டுகிற வேலைதான்! வயர் பிரஷ்ஷால் கை காய்க்கத் தேய்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். இந்த மணலை மணலாலேயே அடித்து விரட்டலாம் என்று 1870-லேயே ஒருவர் செய்து காட்டிவிட்டார். அவர் பெயர் பெஞ்சமின் சூ டில்மன். சாண்ட் பிளாஸ்டிங் என்று நாம் சொல்கிற முறையின் தந்தை. எஞ்சினியரிங் படித்தவர் இல்லை என்பதுதான் வேடிக்கை!

1821-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார் டில்மன். 1839-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். பிறகு சட்டம் படித்தார். ஆனால் மனசு வழக்கில் ஒட்டவில்லை. தம்பி ரிச்சர்ட் ஒரு கெமிஸ்ட். கொழுப்பை அதிக அழுத்தத்தில், சூடான தண்ணீரால் பிரித்து கிளிசரின் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். அண்ணனும் தம்பியோடு சேர்ந்து சோதனைச் சாலையில் இறங்கிவிட்டார்.

போர்க்களத்தில்

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அப்போது டில்மனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்திருக்கலாம். அவரோ 26-வது பென்சில்வேனியா படைப்பிரிவில் கேப்டனாகச் சேர்ந்து, கர்னல் வரை உயர்ந்தார். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் போரில் காயம்பட்டார். அதோடு ஒதுங்கிவிடவில்லை. கறுப்பின வீரர்களைக் கொண்டு புதிதாகத் திரட்டப்பட்ட 3-வது படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அந்த வீரர்கள் தென் கரோலினாவில் மோரிஸ் தீவு என்ற மணல் தீவில், குண்டு மழைக்கு நடுவே பதுங்குகுழி தோண்டினார்கள். போர் முடிந்தபோது டில்மனுக்கு ஜெனரல் என்ற கௌரவப் பட்டம் கிடைத்தது.

முதலில் தோல்வி

ஊர் திரும்பியவர் கையில் எடுத்தது மரம். மரத்தை சல்பைட் கரைசலில் போட்டு, அழுத்தத்தில் வேகவைத்தால் காகிதக் கூழ் கிடைக்கும் என்று கண்டுபிடித்து 1867-ல் அமெரிக்கப் பேடன்ட் வாங்கினார். கெமிஸ்ட்ரி சரி. ஆனால் பாத்திரம் சரியில்லை! அமிலத்துக்காக உள்ளே ஈயத்தகடு போட்ட கொதிகலன் சூட்டில் விரிந்து சுருங்கி ஒழுகிக்கொண்டே இருந்தது. பணம் கரைந்தது. கடைசியில் கைவிட்டார். சில வருஷம் கழித்து சுவீடனில் எக்மன் என்பவர் அதே வழியில் ஆலை நடத்தி ஜெயித்தார். ஐடியா ஒருவருடையது, லாபம் வேறொருவருக்கு. நாமாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்போம். டில்மன் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மணலின் ரகசியம்

காற்றில் பறந்த மணல் ஜன்னல் கண்ணாடியை மங்கலாக்கியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை கிடக்கட்டும், செய்ததைப் பார்ப்போம். நீராவி அல்லது காற்றின் வேகத்தில் மணலைக் கலந்து நாசில் வழியாகப் பாய்ச்சினார். கல், உலோகம், கண்ணாடி எல்லாம் அரிந்தன. 1870 அக்டோபர் 18-ல் 108,408 என்ற எண்ணில் பேடன்ட் கிடைத்தது.

குவார்ட்ஸ் மணலைவிடக் கடினமான கொரண்டம் கல்லைக்கூட அவர் துளைத்தார். மெதுவான பொருள் கடினமானதை எப்படி வெட்டும்? நாம் படித்த அரை எம் வி ஸ்கொயர்தான்! துகள் சின்னது. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. அடி விழுகிற இடத்தில் கண்ணாடி, கல் மாதிரி நொறுங்கும் பொருள் துளித்துளியாகச் சிதறும். ரப்பர், காகிதம், லேஸ் துணி மாதிரியானவை வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். அதனால்தான் கண்ணாடி மேல் லேஸ் துணியை ஒட்டி மெதுவாக அடித்தால், அந்த டிசைன் அப்படியே பதிகிறது.

இந்த முறைக்குக் கிடைத்த பெரிய வேலைகளில் ஒன்று எது தெரியுமா? உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் கல்லறைக் கற்கள்! 1873-க்குப் பிறகு வெர்மான்ட் மாநிலத்தின் பளிங்குக் குவாரியில், கல்லின் மேல் இரும்பு எழுத்துக்களை அடுக்கி மணலைப் பாய்ச்சினார்கள். சுற்றியிருந்த கல் அரிந்து போக, பெயர் மட்டும் மேடாக நின்றது. தான் காயம்பட்ட போரில் உயிர்விட்டவர்களின் பெயரை, தன் கண்டுபிடிப்பே கல்லில் நிறுத்தியது. எந்த விருதும் இதற்கு ஈடாகுமா?

பிறகு இங்கிலாந்திலும் அவர் பெயரில் கம்பெனி நடந்தது. மணலுக்குப் பதில் இரும்புக் குண்டுமணிகளைப் பயன்படுத்தும் முறையையும் கொண்டுவந்தார். 1901-ல் காலமானார்.

அவர் விட்டுப்போன பாக்கி

இனி நம்ம கதை. போன வருஷம் நாங்கள் மூணு பேர் வீட்டு ஷெட்டில் ஒரு பிளாஸ்டிங் கேபினட் செய்தோம். பழைய 200 லிட்டர் டிரம், மேலே ஒரு கண்ணாடி, இரண்டு ஓட்டையில் ரப்பர் கையுறை, உள்ளே கன், கீழே மணல். அரை எச்பி கம்ப்ரஸரைப் போட்டோம். பத்தே செகண்டில் மூச்சு வாங்கியது! 3 மில்லிமீட்டர் நாசிலுக்கு 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 17 கன அடி காற்று வேண்டும். அதற்கு ஐந்து எச்பி ஆகும். நாசில் தேய்ந்து விட்டம் இரண்டு மடங்கானால் காற்று நாலு மடங்கு தேவைப்படும். அடுத்து, காற்றில் இருந்த ஈரத்தால் மணல் கட்டிபிடித்து கன் அடைத்தது. வாட்டர் செபரேட்டர் போட்ட பிறகுதான் சரியானது.

இதெல்லாம் சின்ன தப்பு. பெரிய தப்பு, நாங்கள் போட்டது சலித்த ஆற்று மணல். மூடி இடுக்கில் புகை மாதிரி தூசி வந்தது. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு சிரித்தோம். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் ஓடிவந்து மெயினை அணைத்துவிட்டு, கண்டபடி திட்டினார். கூட வேலை பார்த்த ஒருவர் இப்படி மணல் அடித்தே, நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் ஆகிவிட்டாராம்.

லைப்ரரியில் தேடிப் படித்த பிறகுதான் உறைத்தது. மணல் உடைந்து வரும் கண்ணுக்குத் தெரியாத சிலிகா தூசி நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்குகிறது. பெயர் சிலிகோசிஸ். அதை ஆற்ற மருந்து இல்லை. கர்ச்சீப் அதைத் தடுக்காது. பிரிட்டன் வார்ப்புகளை மணலால் அடிப்பதை 1949-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஜீன்ஸ் துணிக்குப் பழைய தோற்றம் கொடுக்க மணல் அடித்த துருக்கி நாட்டு இளைஞர்கள் பலர் செத்த பிறகு, 2009-ல் அங்கேயும் தடை வந்தது.

இப்போது எங்கள் டிரம்மில் இருப்பது கண்ணாடி மணி. துருப்பிடித்த வார்ப்புக்கு அலுமினியம் ஆக்சைடு. மூடிக்கு ரப்பர் சீல், தூசியை இழுக்க ஃபில்டரோடு சக்ஷன். தூசி அடங்கிய பிறகுதான் கதவைத் திறப்போம், அதுவும் சரியான ரெஸ்பிரேட்டர் போட்டுக்கொண்டு.

நண்பர்களே! டில்மன் கல்லை வெட்டக் கற்றுக்கொடுத்தார். வெட்டுகிறவனைக் காப்பாற்றும் பாடத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றார்கள். நாளைக்கு நாம் சூப்பர்வைசராகப் போய் நிற்கும் ஷாப்பில், மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி வருவான். அந்த அண்ணன் எங்களுக்குச் செய்ததை நாம் அவனுக்குச் செய்வோம். முதலில் மெயினை அணைப்போம்!