மன்றோவின் மலைகள்

தபால்தலைகளைச் சேகரிப்போர் உண்டு. நாணயங்களைச் சேகரிப்போரும் உண்டு. அவர்களைப் போலவே மலையுச்சிகளைச் சேகரிப்போரும் இருக்கின்றனர். ஆனால், ஏறிய உச்சியை எவரும் வீட்டிற்கு எடுத்துவர இயலாது. அங்குச் சற்று நேரம் நின்று, பட்டியலில் ஒரு குறியிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களின் மிக உயர்ந்த இடங்களையும் ஏறி முடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். அலாஸ்கா மாநிலத்தின் டெனாலி 6,190 மீட்டர் உயரம். புளோரிடாவின் பிரிட்டன் குன்றோ 105 மீட்டர்தான். பட்டியலைப் பொறுத்தவரை இரண்டும் ஒவ்வோர் உச்சியே.

இத்தகைய பொழுதுபோக்கிற்கு முன்னோடியாக அமைந்த பட்டியல் ஒன்று 1891ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் சர் ஹியூ மன்றோ. அவருடைய பெயரே இன்று ஒரு வகை மலையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. எனினும், தாம் தொகுத்த பட்டியலை அவர் ஏறி முடிக்கவில்லை.

ஹியூ மன்றோ 1856ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் பண்ணையும் மாளிகையும் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், கிரிமியூர் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள லிண்டர்ட்டிஸில் இருந்தன. அவருடைய பாட்டனாரைத் தமிழர் பலர் அறிவர். சென்னை மாகாணத்தின் ஆளுநராக விளங்கிய சர் தாமஸ் மன்றோவே அவர். குதிரைமீது அமர்ந்திருக்கும் அவருடைய சிலையை இன்றும் சென்னையில் காணலாம். பாட்டனார் நிலங்களை அளந்து வரி வகுத்தவர்; பேரனோ மலைகளை அளந்து வரிசைப்படுத்தினார்.

சிறுவயதிலேயே ஹியூவுக்குப் பொருள்களைச் சேகரிப்பதில் பெரும் விருப்பம் இருந்தது. கிளிஞ்சல்கள், பறவை முட்டைகள், புதைபடிவங்கள் முதலியவற்றைத் திரட்டி வகைப்படுத்தி வைப்பார். பதினேழாம் வயதில் ஜெர்மன் மொழி கற்பதற்காக ஸ்டுட்கார்ட் நகருக்குச் சென்றார். அங்கிருந்து ஆல்ப்ஸ் மலைத்தொடருக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பனி மூடிய அம்மலைகளில் ஏறிய அனுபவம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

1880ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, நேட்டால் ஆளுநரின் தனிச் செயலாளராகப் பணியாற்றினார். பசுட்டோ போரின்போது குதிரைப்படைத் தொண்டராகவும் சேவையாற்றினார். பின்னர்த் தாயகம் திரும்பி, லிண்டர்ட்டிஸ் பண்ணையைக் கவனித்து வந்தார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் ஸ்காட்லாந்தின் மலைகளை நோக்கி நடந்தார். குளிர்காலத்தில், பனியும் காற்றும் கடுமையாக இருக்கும் நாள்களில் ஏறுவதே அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்காலத்தில் மலையேறும் வழக்கம் பிரிட்டனில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. 1889ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேறுவோர் கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவராக மன்றோவும் இடம்பெற்றார். 1894 முதல் 1897 வரை அதன் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

கழகத்தினர் கூடிப் பேசும்போது எளிய கேள்வி ஒன்றுக்கு விடை தெரியாமல் இருந்தது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகள் எத்தனை என்பதே அக்கேள்வி. 3,000 அடி என்பது 914.4 மீட்டர் ஆகும். முப்பதுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதே அன்றைய பொதுவான எண்ணம். பயண வழிகாட்டி நூல்களும் அவ்வளவே கூறின. மலைகளில் நடந்து பழகியவர்களுக்கோ அந்த எண்ணிக்கை மிகக் குறைவானது என்று தோன்றியது. ஐயத்தைத் தீர்க்க முறையான பட்டியல் தேவைப்பட்டது. கழகம் அப்பணியை மன்றோவிடம் ஒப்படைத்தது.

கேள்வி எளிதாயினும் பணி எளிதன்று. அரசாங்க நிலஅளவைத் துறையின் வரைபடங்கள் இருந்தன. ஆனால், அவற்றில் பல உச்சிகளுக்கு உயரம் குறிக்கப்படவில்லை. சிலவற்றுக்குப் பெயரே இல்லை. மன்றோ வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சம உயரக் கோடுகளை நுணுகி ஆராய்ந்தார். ஐயம் எழுந்த இடங்களுக்குத் தாமே நேரில் சென்றார். செல்லும்போது காற்றழுத்தமானி ஒன்றை உடன் எடுத்துச் செல்வார். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். உயரம் தெரிந்த ஓர் இடத்தில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, உச்சியில் மீண்டும் பார்த்தால் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். வானிலை மாறினால் அழுத்தமும் மாறும் என்பதால், இம்முறையில் பிழை நேரவும் வாய்ப்புண்டு. ஆகவே, பொறுமையும் கவனமும் இன்றியமையாதனவாக இருந்தன.

பயணமும் இன்றுபோல் எளிதாக இல்லை. மலைப்பகுதிகளில் நல்ல சாலைகள் குறைவு. இரயில் நிலையத்தில் இறங்கியபின் பல மைல் தொலைவு நடந்தால்தான் மலையடிவாரத்தையே அடைய முடியும். மலைகள் பெரும்பாலும் நிலக்கிழார்களின் உடைமையாக இருந்தன. மான் வேட்டைக் காலத்தில் அந்நியர் நடமாட்டத்தை அவர்கள் விரும்புவதில்லை. தாமும் ஒரு நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால், மன்றோ அவர்களோடு பூசலிட விரும்பவில்லை. அதனால், சில மலைகளில் இரவு நேரத்தில் ஏறி இறங்கினார்.

இவை அனைத்தையும்விடக் கடினமான சிக்கல் ஒன்று இருந்தது. ஒரு நீண்ட மலைமுகட்டில் நான்கைந்து உச்சிகள் எழுந்து நிற்கும். அவை தனித்தனி மலைகளா, அல்லது ஒரே மலையின் பல முனைகளா? இரண்டு உச்சிகளுக்கு இடையே உள்ள தாழ்வு, தொலைவு, நிலத்தின் தன்மை ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இதற்கென எண்ணால் அமைந்த விதி எதையும் மன்றோ வகுக்கவில்லை. நேரில் கண்டும் வரைபடத்தை ஆராய்ந்தும் ஒவ்வொன்றாகத் தீர்மானித்தார். அம்முடிவுகளைப் பற்றி மலையேறுவோர் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.

1891ஆம் ஆண்டு கழகத்தின் இதழில் மன்றோவின் பட்டியல் வெளியானது. 3,000 அடியைத் தாண்டிய உச்சிகள் மொத்தம் 538 என்றும், அவற்றுள் 283 தனி மலைகள் என்றும் அது காட்டியது. முப்பது என்று எண்ணியிருந்தவர்கள் வியந்தனர். தம் நாட்டில் இத்தனை மலைகளா என்று பலரும் வரைபடங்களைப் புரட்டத் தொடங்கினர். பார்த்துப் பழகிய மலைகளோடு, பெயர்கூட அறியாத மலைகளும் அப்பட்டியலில் இருந்தன.

பட்டியல் இருந்தால் அதை முடிக்க வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவல் மன்றோவுக்கும் இருந்தது. ஆண்டுதோறும் அவர் புதிய உச்சிகளை ஏறிக் குறித்து வந்தார். ஆனால், அவரை முந்திக்கொண்டவர் ஏ. இ. ராபர்ட்சன் என்னும் சமயப் போதகர். 1901ஆம் ஆண்டு, கிளென்கோ பள்ளத்தாக்கை ஒட்டிய மலைமுகட்டில் உள்ள மீல் டியார்க் உச்சியில் ராபர்ட்சன் தம் பயணத்தை நிறைவுசெய்தார். பட்டியலின் தனி மலைகள் அனைத்தையும் ஏறிய முதல் மனிதராக அவர் போற்றப்படுகிறார்.

வேறொருவர் முந்திவிட்டதால் மன்றோவின் ஊக்கம் குறையவில்லை. அவர் தனி மலைகளோடு நிறுத்திக்கொள்ளாமல் துணை உச்சிகளையும் ஏறி வந்தார். பட்டியலை மேலும் செம்மைப்படுத்தும் பணியையும் விடவில்லை. புதிய அளவுகள் கிடைக்கும் போதெல்லாம் தம் குறிப்புகளைத் திருத்தினார். தாம் எழுதியது பிழையாக இருக்கக்கூடும் என்று கருதி, அதை மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் பண்பு அவரிடம் இருந்தது.

அகவை அறுபதை நெருங்கியபோது, அவர் ஏற வேண்டியவை மிகச் சிலவாகக் குறைந்தன. அவற்றுள் மூன்றை ஸ்காட்லாந்து மலையேறுவோர் இன்றும் நினைவுகூர்வர். முதலாவது, ஸ்கை தீவில் உள்ள ஏறவியலாச் சிகரம். கத்தியை நிமிர்த்தி வைத்தாற்போன்ற அந்தப் பாறையில் கயிற்றின் துணையோடுதான் ஏற இயலும். அங்கு ஏறும் வாய்ப்பு மன்றோவுக்குக் கிட்டவே இல்லை. இரண்டாவது, மக்கள் நடமாட்டமற்ற தொலைவில் உள்ள கார்ன் அன் ஈலர். மூன்றாவது, கார்ன் கிளாய்க் வூலின். திரிகைக்கல் குன்று என்பது அப்பெயரின் பொருள். அது கடினமான மலையன்று. பயணத்தின் நிறைவாக ஏற வேண்டும் என்று மன்றோவே அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

அந்த நாள் வரவில்லை. 1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. படையில் சேரும் வயதை மன்றோ கடந்திருந்தார். ஆயினும், அவர் வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. மால்டா தீவுக்குச் சென்று செஞ்சிலுவைச் சங்கத்தில் தொண்டாற்றினார். பின்னர், 1918ஆம் ஆண்டு பிரான்சின் தாரஸ்கோன் நகரில் போர்வீரர்களுக்கான உணவகம் ஒன்றை அமைத்து நடத்தினார். அங்கிருந்தபோது நுரையீரல் அழற்சிக்கு ஆளாகி, 1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார். அவர் கடைசிக்கென வைத்திருந்த மலை, அவர் காலடி படாமலேயே நின்றது.

மன்றோ மறைந்தாலும் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு 1921ஆம் ஆண்டு திருத்தப்பட்ட பட்டியல் வெளியிடப்பட்டது. அதன்பின் அளவைக் கருவிகள் மேம்படுந்தோறும் பட்டியலும் மாறிவந்துள்ளது. மன்றோ கடைசிக்கு ஒதுக்கி வைத்த திரிகைக்கல் குன்று 1981ஆம் ஆண்டு தனி மலை என்னும் தகுதியை இழந்து, துணை உச்சியாகிவிட்டது. 2012ஆம் ஆண்டு மற்றொரு மலை நீக்கப்பட்டது. செயற்கைக்கோள் துணையோடு அளந்தபோது, அது தேவையான உயரத்தைவிட அரை மீட்டருக்கும் குறைவாகவே தாழ்ந்திருந்தது. ஆயினும் விதி விதியே. அவ்வாறு நீக்கிய பின்னர்ப் பட்டியலில் 282 மலைகள் எஞ்சின. வரைபடத்தையும் காற்றழுத்தமானியையும் கால்களையும் நம்பிய காலம் அவருடையது. எனினும், நல்ல கருவி எதுவும் எளிதில் கிட்டாத அக்காலத்தில் அவர் கண்ட 283 என்னும் எண், இன்றைய எண்ணிக்கைக்கு மிக நெருக்கமாக இருப்பது வியப்பளிக்கிறது.

இன்று ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட தனி மலை ஒவ்வொன்றையும் மக்கள் ஒரு மன்றோ என்றே அழைக்கின்றனர். பட்டியல் முழுவதையும் ஏறி முடித்ததாகக் கழகத்தில் பெயர் பதிந்துகொண்டோர் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோர். சிலர் ஓராண்டுக்குள் முடிக்கின்றனர். சிலருக்கு ஐம்பது ஆண்டுகள்கூட ஆகின்றன. ஆசிரியர்கள், செவிலியர்கள், ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற முதியோர் எனப் பல தரப்பினரும் வார இறுதியில் காலணிகளை இறுகக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். மழையிலும் மூடுபனியிலும் ஏறி, உச்சியில் குவிந்துள்ள கற்குவியலைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றனர்.

பட்டியலை ஏறி முடித்தோர் வரிசையில் அதைத் தொகுத்தவரின் பெயர் இல்லை. ஆனால், அவர்கள் ஏறிய ஒவ்வொரு மலையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.