கப்பலேறிய கணித மேதை

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார இரயிலில் ஏறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், எதிரே தெரிவது துறைமுகம். நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே இன்று எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பெருங் கப்பல்கள் வந்து நிற்கின்றன. நம் தோழியர் பலரின் தந்தையரும் தமையன்மாரும் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து சென்றவர்களே. வழியனுப்பும் நாளில் வீட்டில் நிலவும் அமைதியை நாம் அறிவோம். அத்தகைய ஒரு நாளைத் தம் வாழ்வின் திருப்புமுனையாகக் கண்டவர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அவர் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை துணிக்கடையில் கணக்கெழுதுபவர், தாய் கோமளத்தம்மாள். இளமையிலேயே கணக்கில் மூழ்கிய இராமானுஜன், கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கைவிட்டார். அதனால் உதவித்தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் மீண்டும் மீண்டும் தோற்றார். பொதுத்தேர்வை எதிர்நோக்கி இருக்கும் நமக்கு இச்செய்தி வியப்பையும் சிறிது அச்சத்தையும் ஒருங்கே தருகிறது அன்றோ!

1909ஆம் ஆண்டு அவருக்கும் ஜானகி என்னும் பத்து வயதுச் சிறுமிக்கும் திருமணம் நடந்தது. குடும்பத்தைக் காக்க வேலை தேடி அலைந்தவருக்கு, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். ஓய்வு நேரத்தில், பொருள்களைச் சுற்றி வந்த தாள்களில் அவர் கணக்குப் போட்டார். அவருடைய திறமையை அறிந்த துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேலதிகாரியான நாராயண ஐயரும் அவரை ஊக்குவித்தனர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம், உலகின் வாயிலைத் திறந்தது. இங்கிலாந்துக்கு வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது.

ஆனால் அந்நாளில் ஆசாரமான குடும்பத்தினர் கடல் கடப்பதைப் பெருங்குற்றமாகக் கருதினர். சாதியினர் ஒதுக்கி வைப்பார்களே என்னும் அச்சம் இருந்தது. தாயும் இசையவில்லை. பின்னர் ஒருநாள், குலதெய்வமாகிய நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனின் வழியில் நிற்க வேண்டாமெனப் பணித்ததாகக் கூறி, தாய் மனம் இசைந்தார். பெற்ற மனம் பிள்ளையைப் பிரியத் துணிந்ததே பெரிய தியாகம் என்பது எங்கள் கருத்து.

பயண ஏற்பாடுகள் விரைந்து நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் தாய்க்குக் கிடைக்கும்படி இராமானுஜன் ஏற்பாடு செய்தார். குடுமி நீக்கப்பட்டது. வேட்டி கட்டிப் பழகியவர் கால்சட்டையும் காலணியும் அணிந்தார். இக்கோலத்தைக் கண்டால் தாயும் மனைவியும் வருந்துவர் என்றெண்ணி, முன்னதாகவே அவர்களைக் கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார்.

1914 மார்ச் 17. எழுத்தராகப் பணியாற்றிய அதே துறைமுகத்தில் பயணியாக நின்றார் இராமானுஜன். பெரியோர் பலர் வழியனுப்ப வந்திருந்தனர். வீட்டுப் பெண்கள் மட்டும் அங்கில்லை. ‘நெவாசா’ என்னும் கப்பல் கரையை விட்டு நீங்கியது. அன்று ஜானகிக்குப் பதினைந்து வயது நிறைய இன்னும் நான்கே நாள்கள் இருந்தன. ஆம் தோழியரே, நம் வயதுதான்! கப்பல் புறப்படுவதை அவர் காணவில்லை. கையசைத்து விடைகொடுக்கவும் இல்லை. மேதையின் வரலாற்றைப் படித்த நாங்கள், இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தோம்.

முதற் சில நாள்கள் கடல் நோயால் வருந்திய இராமானுஜன், ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டனை அடைந்தார். அவ்வாண்டே முதல் உலகப் போர் மூண்டது. குளிரும், சைவ உணவுக்கு நேர்ந்த தட்டுப்பாடும், தனிமையும் அவர் உடலை வாட்டின. எனினும் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரும் அவரே. நோயுற்றுக் கிடந்தபோதும், ஹார்டி வந்த வாடகை வண்டியின் எண்ணாகிய 1729, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என உடனே விளக்கினார்.

1919 மார்ச்சில் பம்பாய் வந்திறங்கியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32. இறுதி நாள்களில் இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தவர் ஜானகிதான். பின்னர் அவர் தையற்கலை கற்று, திருவல்லிக்கேணியில் தம் உழைப்பால் வாழ்ந்து, 1994இல் மறைந்தார்.

இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்காதவர் இராமானுஜன். அவர் பிறந்த நாள் இன்று தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் அவரைப் போற்றும் நாம், கரையில் நிற்கவும் வாய்ப்பின்றிக் காத்திருந்த ஜானகி அம்மாளையும் நினைவில் கொள்வோம். அன்று அவருக்குக் கிட்டாத கல்வி இன்று நமக்குக் கிட்டியிருக்கிறது. அதனை வீணாக்காது கற்போம். நாமும் ஒருநாள் கப்பலேறுவோம்!

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு