பட்டாணி எண்ணிய உபாத்தியாயர்

பரீட்சையில் தேறாதவன் கல்விக்கு உதவாதவன் என்று தீர்ப்புக் கூறும் கனவான்கள், கிரிகோர் மெண்டலின் சரித்திரத்தை ஒரு முறை ஊன்றி நோக்குவார்களாக.

இவர் 1822-ம் வருஷம் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த ஸைலீஷியாவில் ஒரு குடியானவக் குடும்பத்திலே பிறந்தார். படிப்புக்குப் பணமின்றித் தவித்த காலையில், தங்கை தெரேஸியா தனது சீதனத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து உதவினாள். 1843-ல் புரூண் நகரத்து மடாலயத்தைச் சேர்ந்தார். 1850-ல் உபாத்தியாயர் பரீட்சை கொடுத்துத் தவறினார். வியன்னா சர்வகலாசாலையில் பயின்று திரும்பி, 1856-ல் மீண்டும் முயன்றும் பலிக்கவில்லை. ஆயினும் 1854 முதல் 1868 வரை, புரூண் உயர்தரப் பாடசாலையில் பட்டமில்லாத உபாத்தியாயராகவே பௌதிகமும் இயற்கைச் சாஸ்திரமும் போதித்து வந்தார்.

அக்காலத்திலேதான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டார். மலராத மொக்கைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் களைந்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தம் கையாலேயே இட்டார். உருண்டை விதை இனத்தையும் சுருக்க விதை இனத்தையும் கலந்தபோது, கிடைத்தவை யாவும் உருண்டையாயின. அவற்றை விதைத்து அறுத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்திருந்த குணம் மாண்டு போகவில்லை என்பதை இக்கணக்கு ருசுப்படுத்திற்று.

1865-ல் புரூண் இயற்கைச் சாஸ்திர சங்கத்தாரின் முன் இதனை வாசித்தார்; 1866-ல் அச்சேறியது. உலகம் பொருட்படுத்தவில்லை. 1884-ல் காலமானார். 1900-ல் டீ விரீஸ், கோரென்ஸ், ஷெர்மாக் ஆகியோரின் ஆராய்ச்சிகளால்தான் அவர் கண்ட உண்மை வெளிச்சத்துக்கு வந்தது.

மூன்றுக்கு ஒன்று என்பதை இன்று மாணாக்கர் உருப்போட்டு ஒப்பிக்கின்றனர். பரீட்சையில் தவறியவரின் உழைப்பைப் பரீட்சைக்கான பாடமாகச் சுருக்கிவிட்டோம். இது தகுமா? வேண்டுவன ஒரு பாத்தி நிலம், ஒரு சிறு இடுக்கி, இரு பருவப் பொறுமை, ஒரு கணக்குப் புஸ்தகம். தானே எண்ணும் பிள்ளைக்குக் கணக்குச் சரியாக மூன்று வராது; மெண்டலுக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவன் கேட்கும் கேள்வியே சாஸ்திரத்தின் வாசல். பிறர் சொல்லைக் கேட்டு நம்பாமல், கையால் செய்து கண்ணால் கண்டு துணியும் பிரஜைகளே ஒரு தேசத்தின் பலம். அத்தகையோரைப் பாடசாலைத் தோட்டத்திலேயே வளர்க்கத் தொடங்கலாம் என்பது நமது துணிபு.