எலிக்கும் வாத்துக்கும் குணம் கொடுத்தவர்

வட்டமான இரண்டு கறுப்புக் காதுகளும் வெள்ளைக் கையுறைகளுமாக நிற்கும் மிக்கி என்னும் எலியை அறியாதவர் யார்? மாலுமிச் சட்டை அணிந்து, எடுத்ததற்கெல்லாம் கோபித்துக்கொண்டு குதிக்கும் டொனால்டு என்னும் வாத்தைக் கண்டு சிரிக்காதவர் யார்? இவை வெறும் மையும் வண்ணமும் சேர்ந்த படங்கள்தாம். ஆயினும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது போலவே நாம் இவற்றைப் பற்றிப் பேசுகிறோம்.

தோழியரே, பூட்டிய கதவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் முன் இவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்ப்போம். மிக்கி வந்தால் மரியாதையாக இரண்டு முறை தட்டுவான். பதில் வராவிட்டால் சன்னல் ஏதேனும் திறந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பான். டொனால்டு ஒரு முறை தட்டுவான், மறுமுறை உதைப்பான், காலில் அடிபட்டதும் கதவுதான் தன்னை அடித்தது என்று அதனோடு சண்டைக்கு நிற்பான். கூஃபி நேராக வந்து கதவில் மோதிக்கொண்டு அதனிடமே மன்னிப்புக் கேட்பான். பிறகு எதற்காக வந்தோம் என்பதை மறந்து, சிரித்தபடி வந்த வழியே போய்விடுவான். புளூட்டோ என்னும் நாய் கதவின் அடியில் மூக்கை நுழைக்கும். பிறகு அதை வெளியே எடுப்பது எப்படி என்று வெகுநேரம் யோசிக்கும். (கூஃபியும் நாய், புளூட்டோவும் நாய். ஒன்று இரண்டு காலில் நடந்து பேசுகிறது. மற்றது சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறது. இது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை!)

இப்படி ஒரு படம் வந்ததா என்று யாரும் தேட வேண்டாம். நாமே கற்பனை செய்ததுதான். ஆனால் நம்மால் இவ்வளவு எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறதென்றால், இவர்களுக்கென்று தனித்தனிக் குணம் ஒன்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது என்றுதானே பொருள்? அந்தக் குணத்தைக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வால்ட் டிஸ்னி. அவர் வாழ்க்கையைச் சற்றுக் காண்போம்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வால்ட் பிறந்தார். தந்தை எலியாஸ், தாய் ஃபிளோரா. ஐந்து குழந்தைகளில் இவர் நான்காமவர். இவருக்கு நான்கு வயதாக இருந்தபோது குடும்பம் மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சிற்றூருக்குச் சென்று ஒரு பண்ணையில் குடியேறியது. பன்றி, கோழி, குதிரை, பசு இவையே சிறுவன் வால்ட்டின் நண்பர்கள். பெரிய பன்றி ஒன்றின் முதுகில் ஏறிச் சவாரி செய்வாராம். அது இவரைச் சேற்றில் தள்ளிவிட்டு ஓடுமாம். ஒருநாள் பெற்றோர் வீட்டில் இல்லாத சமயம், தங்கை ரூத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பீப்பாயில் இருந்த தாரை எடுத்து வெள்ளைச் சுவரில் படம் வரைந்துவிட்டார். தார் அழியவே இல்லை. தந்தையிடம் கிடைத்தது என்னவென்று சொல்லவும் வேண்டுமோ!

எலியாஸ் உழைப்பாளி. ஆனால் தொட்டது எதுவும் துலங்கவில்லை. அந்த ஏமாற்றம் அவரைக் கடுமையானவராக்கியது. பண்ணையை விற்று 1911-இல் கான்சாஸ் நகருக்கு வந்த அவர், செய்தித்தாள் விநியோகிக்கும் உரிமையை வாங்கி, மகன்கள் ராயையும் வால்ட்டையும் அந்த வேலையில் இறக்கினார். கூலி கிடையாது. விடியுமுன்பே எழுந்து, பனியில் கால் புதைய நடந்து, வீடு வீடாகத் தாள் போட வேண்டும். பிறகு பள்ளியில் தூங்கி வழிய வேண்டும். ஆறு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பெரும் செல்வரான பின்னும், ஏதோ ஒரு வீட்டுக்குத் தாள் போட மறந்துவிட்டதாகக் கனவு கண்டு வால்ட் திடுக்கிட்டு விழிப்பதுண்டு.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 16 வயதே ஆன அவர், தம் பிறந்த ஆண்டை மாற்றி எழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து பிரான்சு சென்றார். அவர் போய்ச் சேருமுன் போர் நின்றுவிட்டது. வண்டியின் பக்கவாட்டில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

கான்சாஸ் நகரில் அப் ஐவர்க்ஸ் என்ற ஓவியர் நண்பரானார். இருவரும் சித்திரப் படத் தொழிலில் இறங்கினர். 1922-இல் வால்ட் தொடங்கிய கம்பெனி அடுத்த ஆண்டே மஞ்சள் கடிதம் கொடுத்தது. கையில் 40 டாலருடன் அவர் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அண்ணன் ராய் அப்போது காசநோய்க்காக அங்கே மருத்துவமனையில் இருந்தார். தம்பி ஓர் இரவில் படுக்கையருகே வந்து நின்று, தமக்கு ஓர் ஒப்பந்தம் கிடைத்திருப்பதைச் சொல்லித் துணைக்கு அழைத்தார். ராய் மறுநாளே மருத்துவமனையை விட்டு வெளியேறினார். 1923 அக்டோபரில் சகோதரர் இருவரும் சேர்ந்து கம்பெனி தொடங்கினர். தம்பி கனவு காண்பார். அண்ணன் அதற்குக் கடன் வாங்குவார். இறுதிவரை இதுதான் ஏற்பாடு.

அவர்களின் முதல் பெரிய வெற்றி ஆஸ்வால்டு என்னும் முயல். 1928-இல் கூடுதல் பணம் கேட்க நியூயார்க் சென்ற வால்ட்டுக்குப் பேரிடி காத்திருந்தது. முயலின் உரிமை அவரிடம் இல்லை; அவருடைய ஓவியர்களில் பெரும்பாலோரையும் விநியோகஸ்தர் இரகசியமாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பும் ரயிலில் ஓர் எலியைப் பற்றி யோசித்து, அதற்கு மார்ட்டிமர் என்று பெயர் வைத்தாராம். உடன் வந்த மனைவி லில்லியனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர் சொன்ன பெயர்தான் மிக்கி.

எலியை வரைந்தவர் வால்ட் அல்லர்; ஐவர்க்ஸ். ஒரே நாளில் எழுநூறு படங்கள் வரை வரைந்தார் என்று சொல்வர். எலிக்குக் குரல் கொடுத்தவர் வால்ட். 1928 நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் திரையிடப்பட்ட ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற படத்தில் ஓசையும் அசைவும் ஒன்றாக இணைந்து வந்ததைக் கண்டு மக்கள் வியந்தனர்.

அந்த முதல் மிக்கியைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். பூனையின் வாலைப் பிடித்துச் சுழற்றுகிறான். பசுவின் பற்களைத் தட்டி இசை எழுப்புகிறான். சரியான வால்! ஆனால் குழந்தைகள் அவனை அளவுகடந்து நேசிக்கத் தொடங்கியதும் பெற்றோரிடமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்தன. மிக்கி குறும்பு செய்யக் கூடாது என்றாயிற்று. வகுப்புத் தலைவியின் நிலைமைதான் அவனுக்கும். நல்ல பிள்ளையாகிவிட்டால் கதைக்கு என்ன செய்வது? அவன் செய்ய முடியாததையெல்லாம் செய்வதற்கு இன்னொருவன் வேண்டியிருந்தது. (அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அந்த முதல் படத்தின் பதிப்புரிமை முடிந்து அது பொதுச் சொத்தானது. அன்று எல்லாருக்கும் சொந்தமானவன் நல்ல பிள்ளை மிக்கி அல்லன். கையுறை அணியாத அந்தக் குறும்புக்காரனே.)

அந்த இன்னொருவன்தான் டொனால்டு. ஆட்டுக்குட்டியின் குரலில் குழந்தைப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்த கிளாரன்ஸ் நாஷ் என்பவரைக் கேட்ட வால்ட்டுக்கு, அது வாத்தின் குரலாகப் பட்டது. 1934-இல் வாத்து திரைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த அநாதைக் குழந்தைகளுக்கான கலைநிகழ்ச்சிப் படம் ஒன்றில் டொனால்டு மேடையேறிப் பாட்டு ஒப்பிக்கிறான். குழந்தைகள் கேலி செய்கிறார்கள். அவன் முகம் சிவந்து, முட்டியை மடக்கி, ஒற்றைக் காலில் குதிக்கிறான். மறுபடியும் தொடங்குகிறான், மறுபடியும் கேலி. ஒப்பித்தல் போட்டியில் பாதியில் வரி மறந்து நின்ற எவருக்கும் அவன்மேல் இரக்கம் வராமல் இராது. அவன் கெட்டவன் அல்லன். தோற்கப் பிறந்தும் தோல்வியை ஒப்புக்கொள்ளாதவன்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1933-இல், வால்ட் ஒரு சோதனை செய்து பார்த்தார். ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ படத்தில் மூன்றும் பார்வைக்கு ஒன்றே போலிருக்கும். ஆனால் நடப்பதிலும் நிற்பதிலும் வேலை செய்வதிலும் ஒவ்வொன்றும் வேறு. வைக்கோல் வீட்டுப் பன்றி குழல் ஊதிக்கொண்டு திரியும். செங்கல் வீட்டுப் பன்றிக்குப் பேசவும் நேரமில்லை. உருவத்தால் அல்ல, செய்கையால்தான் ஒருவர் இன்னார் என்று தெரிகிறது என்பதை அந்த எட்டு நிமிடப் படம் காட்டியது.

வால்ட்டின் முறை விந்தையானது. அவர் தம் ஓவியர்கள் முன் தாமே நடித்துக் காட்டுவார். புருவத்தை உயர்த்துவார், நாய் போல் முகர்வார், கிழவியாகக் கூனுவார். ஓர் உருவம் ஏன் சிரிக்கிறது, ஏன் திரும்புகிறது என்று காரணம் கேட்பார். ஓவியர்களுக்கென்று ஆசிரியரை அமர்த்தி வகுப்பு நடத்தினார். பிறகு ‘பாம்பி’ படத்துக்காக உயிருள்ள மான்குட்டிகளையே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார். 1934-இல் ஒரு மாலை, எல்லாரையும் இரவு உணவு உண்டு வரச் சொல்லி, வெற்று மேடையில் தனியொருவராக நின்று, ‘ஸ்நோ ஒயிட்’ கதை முழுவதையும் இளவரசியாகவும் அரசியாகவும் ஏழு குள்ளர்களாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். பழைய ஜெர்மன் கதையில் குள்ளர்களுக்குப் பெயர் கிடையாது. இவர் ஏழு பேருக்கும் ஏழு பெயர், ஏழு குணம் வைத்தார். திக்கித் தடுமாறும் தலைவன், சிடுமூஞ்சி, தூங்குமூஞ்சி, வெட்கப்படுகிறவன், தும்முகிறவன், எந்நேரமும் சிரிக்கிறவன், வாயே திறக்காத அப்பாவி. சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும் என்று இளவரசி சொன்னதும் மற்ற அறுவரும் தொட்டிக்கு ஓடுவர். சிடுமூஞ்சி மட்டும் வீம்பாக நிற்பான். ஆனால் அவளுக்கு ஆபத்து என்றதும் முன்னால் பாய்பவனும் அவன்தான்.

வீட்டாரே வேண்டாம் என்று தடுத்த படம் அது. ஏறத்தாழ 15 இலட்சம் டாலர் செலவு. 1937 டிசம்பர் 21-ஆம் நாள் முதல் காட்சியில், வரைந்த படத்தைப் பார்த்துப் பெரியவர்கள் அழுதார்கள். அதற்காக ஒரு பெரிய ஆஸ்கர் சிலையும் ஏழு சின்னஞ்சிறு சிலைகளும் அவருக்கு வழங்கப்பட்டன.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போனால் வரலாறு முழுமையாகாது. இளவரசியின் கன்னத்துச் சிவப்பைச் செல்லுலாய்டு தாளில் மென்மையாகக் கையால் ஒற்றியெடுத்தவர்கள் மை தீட்டி வண்ணம் பூசும் பகுதியில் வேலை செய்த பெண்கள். ஆனால் கற்பனை வேண்டிய வேலைக்கு மனுப்போட்ட ஒரு பெண்ணுக்கு, அவ்வேலை ஆண்களுக்கே உரியது என்று 1938-இல் அந்த ஸ்டூடியோவிலிருந்து மறுப்புக் கடிதம் சென்றது. குறும்படங்களிலோ ஆணுக்கும் பெயரில்லை, பெண்ணுக்கும் பெயரில்லை. திரையில் வந்தது வால்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர். ஏழு குள்ளர்களின் பெயரை ஒப்பிக்கும் நமக்கு, அவர்களை வரைந்தவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

கூஃபியையே எடுத்துக்கொள்வோம். ஆர்ட் பாபிட் என்ற ஓவியர் அவனை ஆராய்ந்து ஒரு குறிப்பே எழுதினார். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன், என்ன நேர்ந்தாலும் நம்பிக்கை இழக்காதவன், உதவப் போய் வம்பில் மாட்டிக்கொள்ளும் நல்ல சமாரியன் என்று அவனைக் கண்டவர் அவரே. குறைந்த ஊதியத்தினருக்காக அவர் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். 1941 மே மாதம் வால்ட் அவரை வேலையிலிருந்து நீக்கினார். மே 29-ஆம் நாள் நூற்றுக்கணக்கானோர் ஸ்டூடியோ வாசலில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

அதற்குமுன் 1938-இல், மகன்கள் வாங்கிக் கொடுத்த புது வீட்டில், சூடேற்றும் கருவியிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் தாய் ஃபிளோரா இறந்திருந்தார். அதைப் பற்றி வால்ட் பேசுவதே இல்லை. போரினால் ஐரோப்பிய வருமானமும் நின்றுபோயிருந்தது. நொந்திருந்த மனிதர்தாம். ஆயினும் வேலைநிறுத்தக்காரர்களைத் தம்மை வஞ்சித்தவர்களாகவே அவர் கருதியதை நம்மால் ஏற்க முடியவில்லை. ஒரு வாத்தின் கோபத்துக்குக் காரணம் தேடியவர், தம் ஓவியர்களின் கோபத்துக்குக் காரணம் தேடவில்லை. முடிவில் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. பாபிட் சட்டத்தின் துணையால் வேலையைத் திரும்பப் பெற்றார். பழைய குடும்ப உணர்வு மட்டும் திரும்பவே இல்லை என்பர்.

பின்னாளில் வேலைப்பளுவால் மிக்கியின் குரலை வேறொருவரிடம் ஒப்படைத்தார். இரு பெண் குழந்தைகளைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் ராட்டினம் சுற்றும்போது தாம் சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேளையில் தோன்றிய எண்ணம், 1955 சூலை 17-ஆம் நாள் டிஸ்னிலாந்தாகத் திறக்கப்பட்டது. மொத்தம் 26 ஆஸ்கர் விருதுகள் பெற்றார்.

ஓயாமல் புகைபிடிப்பவர் அவர். நுரையீரல் புற்றுநோய் கண்டு, ஸ்டூடியோவுக்கு எதிரே கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இறுதி இரவில் படுத்தபடியே, மேற்கூரைக் கட்டங்களை நிலவரைபடமாகக் கொண்டு, புளோரிடாவில் அமைக்க எண்ணிய புதிய பூங்காவை அண்ணனுக்கு விளக்கினாராம். 1966 டிசம்பர் 15-ஆம் நாள், 65 வயது நிறைந்த பத்தாம் நாள், காலமானார்.

ஓய்வுபெற இருந்த ராய் அதைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பூங்காவைக் கட்டி முடித்து 1971 அக்டோபர் முதல் நாள் திறந்தார். அதற்கு டிஸ்னி வேர்ல்டு என்று பெயர் வைத்தால் போதாது, தம்பியின் முழுப் பெயரும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஆக்கினார். அதே ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் ராயும் மறைந்தார்.