சிரிப்பூட்டியே விடைபெற்றவர்

ஆண்டு விழா மேடையில் நகைச்சுவை நாடகம் நடைபெறுகிறது. வயிறு குலுங்கச் சிரிக்கிறோம்; திரை விழுந்ததும் வீடு திரும்புகிறோம். அரிதாரத்தைக் கலைக்கும் நடிகனின் நிலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கத் தூண்டுவது பிரெஞ்சு நாட்டு நாடகப் பேராசான் மோலியேரின் வாழ்வு.

1622-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பாரிஸ் நகரில் ஞானஸ்நானம் பெற்ற அவரது இயற்பெயர் ழான் பாப்திஸ்த் போக்லன். தந்தையார் அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை முதலியன அமைக்கும் பதவி வகித்தவர். அப்பதவி மைந்தருக்கும் காத்திருந்தது. அவரோ அதனை விடுத்து, 1643-இல் நண்பர்களுடன் நாடகக் குழுவொன்றைத் தொடங்கினார். கடன் பெருகிற்று; 1645-இல் சிறை புகவும் நேர்ந்தது. பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று நடித்தார். 1658-இல் பதினான்காம் லூயி மன்னன் முன்னிலையில் நடித்து, அவன் ஆதரவைப் பெற்றார்.

போலிகளை எள்ளி நகையாடுவதே அவர் கலை. பக்தி வேடதாரியைச் சாடிய 'தார்த்தூப்' நாடகம் 1664-இல் தடைக்குள்ளாகி, 1669-இல்தான் தடை நீங்கிற்று. மருத்துவர்தம் போலிப் புலமையையும் அவர் விட்டு வைத்தாரில்லை.

நெடுநாளாக இருமல் அவரை வாட்டியது. அந்நிலையில் எழுதிய இறுதி நாடகமே 'கற்பனை நோயாளி'. நோயின்றியே தன்னை நோயாளியென நம்பும் ஆர்கானாக, மெய்யாகவே நோயுற்ற ஆசிரியர் நடித்தார். அப்பாத்திரம் மோலியேரின் பெயரைச் சொல்லியே ஏசுகிறது. தான் மருத்துவனாயின் அவரைக் கவனியாது சாக விடுவேன் என்கிறது. பின்னர் மனைவியின் அன்பைச் சோதிக்க, இறந்தவன்போல் கிடக்கிறது. தம் சாவையே நகைப்புக்கு உரியதாக்கி மக்களுக்கு விருந்து படைத்தார் அவர்.

1673 பிப்ரவரி 17 அன்று நான்காம் முறையாக அந்நாடகம் நடந்தது. உடல் மிக நலிந்திருந்தமையால், நடிக்க வேண்டாமென உற்றார் வேண்டினர். தாம் நடியாவிடில் அன்றாடக் கூலியை நம்பிய நாடகத் தொழிலாளர் என் செய்வர் என்று அவர் மறுத்ததாக வரலாறு எழுதினோர் கூறுவர். இறுதிக் காட்சியில் வலிப்புக் கண்டது. அதனையும் ஒரு சிரிப்பால் மறைத்தாராம். அன்றிரவே இல்லத்தில் உயிர் நீத்தார். அகவை 51.

நடிப்புத் தொழிலைத் துறப்பதாக உறுதி கூறாது இறந்த நடிகருக்குத் திருச்சபையின் கல்லறையில் இடமில்லை என்பது அக்கால வழக்கு. மனைவி ஆர்மாந்த் மன்னனிடம் முறையிட்டார். அதன் பின்னரே, ஆடம்பரமின்றி இரவில் அடக்கம் செய்யப் பேராயர் இசைந்தார். பிப்ரவரி 21 இரவு தீவர்த்திகளின் ஒளியில் புனித யோசேப்பு கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் மண்ணுக்குள் சென்றது. நாடெல்லாம் சிரிக்க வைத்தவருக்கு ஆறடி நிலம் கிடைக்க அரசனின் தயவு வேண்டியிருந்தது!

ஆயினும் காலம் நீதி வழங்கிற்று. 1680-இல் எழுந்த கொமேதி பிரான்சேஸ் நாடக மன்றம் இன்றும் மோலியேரின் இல்லம் என்றே வழங்குகிறது. ஆர்கானாக அவர் அமர்ந்த நாற்காலி அங்கே போற்றிக் காக்கப்படுகிறது.

நம் சங்க மேடையிலும், அலுவல் முடித்து, அலுப்பை மறைத்து நம்மைச் சிரிக்க வைக்கும் அன்பர்கள் உளர். அடுத்த முறை திரை விழுந்தபின், உள்ளே சென்று அவர்களிடம் நலம் விசாரிப்போமாக.